ஒரு நிலா, ஒரு லென்ஸ், காரில் எட்டு வயது மகன்: ஆன்செல் ஆடம்ஸ் வண்டியை நிறுத்திய கதை

குடும்பத்தோட கார்ல போய்க்கிட்டு இருக்கீங்க. நாள் முழுக்கச் சுத்தியும் ஒரு நல்ல படம்கூட அமையலை. சாயங்காலம் ஆகிடுச்சு. எல்லாருக்கும் பசி. ரூமுக்குப் போய்ச் சேர்ந்தா போதும்னு இருக்கு. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்சி தெரியுது. வண்டியை நிறுத்தறதா, வேண்டாமா?

1941 நவம்பர் 1 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒருவர் நிறுத்தினார். காரில் அவருடைய எட்டு வயது மகனும் நெருங்கிய நண்பரும் இருந்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் அவர் எடுத்த ஒரே ஒரு படம், உலகின் மிகப் பிரபலமான புகைப்படங்களில் ஒன்றாகிவிட்டது. பெயர், ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்ஸிகோ’. எடுத்தவர், ஆன்செல் ஆடம்ஸ்.

இந்தப் படத்தை அதிர்ஷ்டம்னு சொல்றவங்க உண்டு. பாதி உண்மை. நிலாவும் வெளிச்சமும் அதிர்ஷ்டம்தான். ஆனா, அந்தச் சில நிமிஷத்தில் கை தடுமாறாம வேலை செஞ்சதுக்குப் பின்னால 25 வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அதுவும் ஒரு ஃபேமிலி ட்ரிப்பில்தான் தொடங்குது.

யார் இந்த ஆடம்ஸ்?

ஆன்செல் ஆடம்ஸ் 1902 பிப்ரவரி 20 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. நான்கு வயதில், 1906ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் அந்த நகரத்தையே புரட்டிப் போட்டது. அதற்குப் பின் வந்த அதிர்வு ஒன்றில் தோட்டத்துச் சுவரில் போய் மோதி அவருக்கு மூக்கு உடைந்தது. அந்தக் கோணல் மூக்கு கடைசி வரை அப்படியே இருந்தது. படங்களில் பார்த்தால் இப்போதும் தெரியும்.

அடுத்த வருடமே வேறொரு அடி. 1907ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் குடும்பத்தின் மர வியாபாரம் சரியத் தொடங்கியது. வசதியான வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கனத்துக்கு இறங்கியது.

பள்ளிக்கூடம் ஆன்செலுக்கு ஒத்துவரவே இல்லை. ஓர் இடத்தில் உட்கார முடியாத பையன். அப்பா சார்லஸ் ஆடம்ஸ் அன்றைய பெற்றோர் யாரும் எளிதில் எடுக்காத முடிவை எடுத்தார். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைத்தார். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதற்கு வருடம் முழுக்கச் செல்லும் நுழைவுச் சீட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தினமும் போய்ப் பார், அதுதான் இந்த வருடப் படிப்பு என்று விட்டுவிட்டார். அந்த நாட்களில் ஆன்செலின் கனவு கேமரா இல்லை, பியானோ. பெரிய இசைக்கலைஞர் ஆவதுதான் திட்டம்.

1916: முதல் டூர், முதல் கேமரா

பதினான்கு வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, யோசெமிட்டி பள்ளத்தாக்கு பற்றிய புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படித்து முடித்ததும், அங்கே போயே ஆக வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தார். குடும்பம் கிளம்பியது. முதலில் ரயில், பிறகு மேலே திறந்த பஸ், தூசி நிறைந்த மலைப் பாதை.

யோசெமிட்டியில் அப்பாவும் அம்மாவும் அவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார்கள். கோடக் பாக்ஸ் பிரௌனி. பெயருக்கேற்ற மாதிரி ஒரு பெட்டி. முன்னால் ஒரு சாதாரண லென்ஸ், பக்கத்தில் ஒரு விசை, அவ்வளவுதான். ஃபோகஸ் பண்ண முடியாது, ஜூம் என்ற பேச்சே இல்லை. பெரிதாகத் தெரிய வேண்டுமா? கிட்ட போகணும். வேறு கோணம் வேண்டுமா? மேலே ஏறணும்.

ஏறினார். ஹாஃப் டோம் என்ற பிரம்மாண்டப் பாறையைப் படமெடுக்க, பட்டுப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்றார். உளுத்துப்போன கட்டை நொறுங்கியது. தலைகீழாக விழும்போது விரல் விசையை அழுத்திவிட்டது. ஃபிலிம் சுருளைக் கழுவிப் பார்த்தபோது, மற்ற படங்கள் நேராக இருக்க, அந்த ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தது. அந்தப் படத்தைத் தனக்கு மிகப் பிடித்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்றாக அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடைக்குப் பிறகு, வாழ்நாள் முழுக்க ஒரு வருடம்கூட அவர் யோசெமிட்டிக்குப் போகாமல் இருந்ததில்லை.

அது சரி, பிரைம் லென்ஸ்னா என்ன?

லென்ஸில் இரண்டு வகை. ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் காட்சி கிட்டவும் எட்டவும் போகும். பிரைம் லென்ஸில் அது முடியாது. அதன் குவியத் தூரம் ஒன்றே ஒன்றுதான். 35 மி.மீ. என்றால் எப்போதும் 35, 50 என்றால் எப்போதும் 50. அது எவ்வளவு அகலத்தைப் பார்க்குமோ, அவ்வளவைத்தான் பார்க்கும். உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்பதை மாற்ற வேண்டும் என்றால், நம்ம காலால் நடந்துதான் மாற்றணும்.

அப்புறம் ஏன் இன்றைக்கும் பிரைம் வாங்குகிறார்கள்? உள்ளே நகரும் பாகங்கள் குறைவு என்பதால், சின்னதாகவும் லேசாகவும் செய்யலாம். அதே விலை ஜூம் லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். மாலை நேரத்துக்கும், விளக்கு மங்கலான சாலையோரக் கடைக்கும், தூங்கும் குழந்தைக்கும் இது பெரிய உதவி.

இன்னொரு விஷயம். பிரைம் லென்ஸ் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான ஸ்மார்ட்போன்களின் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு, மூன்று கேமராக்களும் தனித்தனியே பிரைம் லென்ஸ்கள்தான். 0.5, 1, 3 என்று நீங்கள் தொடும்போது ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறீர்கள். நடுவில் இரண்டு விரலால் இழுப்பதெல்லாம் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை.

ஆடம்ஸ் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. ஸ்டில் கேமராவுக்கான ஜூம் லென்ஸ் கடைக்கு வந்தது 1959இல்தான். அதனால் அவருடைய புகழ்பெற்ற படங்கள் எல்லாம் குவியத் தூரம் மாறாத லென்ஸில் எடுத்தவைதான். வேறு வழி இல்லாததால் பழகினார். பழகினதே பலமாக மாறியது.

1927: மிச்சம் இருந்தது ரெண்டே பிளேட்

யோசெமிட்டியில் ஹேரி பெஸ்ட் என்ற ஓவியர் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே ஒரு பியானோ இருந்தது. பயிற்சி செய்யப் போன இடத்தில் ஆன்செல் அவருடைய மகள் வர்ஜீனியாவைச் சந்தித்தார். காதல் பல வருடங்கள் இழுத்து, 1928 ஜனவரி 2 அன்று அதே ஸ்டூடியோவில் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய வருடம், 1927 ஏப்ரல் 10. வர்ஜீனியாவும் சில நண்பர்களும் சேர்ந்து ஹாஃப் டோமின் மேற்குத் தோள்பட்டைக்கு ஏறினார்கள். நண்பர்களில் ஒருவர் செட்ரிக் ரைட், வயலின் கலைஞர், புகைப்படக்காரரும்கூட. இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஆன்செல் முதுகில் பெரிய கேமராவும் 12 கண்ணாடி பிளேட்டுகளும். வழியில் எடுத்தது, வீணானது எல்லாம் போக, பாறைக்கு முன்னால் நின்றபோது மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு. முதல் பிளேட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான், மனதில் இருக்கும் படம் இதில் வராது என்று புரிந்தது. அவர் கண்டது கறுத்த வானமும், அதன் முன்னே நெஞ்சை அழுத்தும் பாறையும். கடைசி பிளேட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். நீல வானம் கிட்டத்தட்ட கறுப்பாக விழுந்தது. ‘மோனோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்’ என்ற அந்தப் படம்தான் அவரை புகைப்படக் கலைஞராக்கியது. பியானோ மெல்லப் பின்னுக்குப் போனது.

ஷட்டரை அழுத்தும் முன்பே, முடிந்த பிரிண்ட் எப்படி இருக்கும் என்று மனதில் பார்த்துவிடும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது. பிறகு வாழ்நாள் முழுக்க மாணவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

1941: கவர்ன்மென்ட் வேலை, சொந்த கார்

1930களில் ஆடம்ஸ் பெரிய பெயர் ஆனார். 1932இல் எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் போன்றவர்களோடு சேர்ந்து ‘குரூப் எஃப் 64’ என்ற குழுவைத் தொடங்கினார். எஃப் 64 என்பது லென்ஸின் துளையை மிகச் சிறியதாக்கும் அளவு. துளை சிறியதானால் கிட்டத்தில் இருக்கும் கல் முதல் தூரத்து மலை வரை எல்லாமே கூர்மையாக விழும். புகைமூட்டம் போல மங்கலாக எடுப்பதுதான் கலை என்று நம்பிய காலத்தில், அந்தப் பெயரே ஒரு சண்டைக்கான அழைப்பு.

பெயர் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. விளம்பரம், நிறுவனங்களுக்கான படங்கள் என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். 1933இல் மகன் மைக்கேல், 1935இல் மகள் ஆன் பிறந்தார்கள். 1936இல் மாமனார் இறந்த பிறகு யோசெமிட்டி ஸ்டூடியோ வர்ஜீனியாவிடம் வந்தது. கடையையும் பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொண்டார். ஆன்செல் பெரும்பாலும் சாலையில். 1937இல் ஸ்டூடியோவின் டார்க்ரூமில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள் அழிந்தன.

1941இல் அமெரிக்க உள்துறை அமைச்சகம் அவரைக் கூப்பிட்டது. தேசியப் பூங்காக்களைப் படமெடுத்து, தலைமை அலுவலகச் சுவர்களில் பிரம்மாண்டமாக வைப்பது திட்டம். சம்பளம் ஒரு நாளைக்கு 22 டாலர் 22 சென்ட். எந்தெந்த நாளுக்கு அவர் பில் போடுகிறாரோ, அந்த நாளில் எடுத்த படங்கள் அரசாங்கத்துக்கு. மற்ற நாட்களில் எடுப்பது அவருக்குச் சொந்தம். இந்த விதி கதையில் பிறகு வேலை செய்யும்.

அந்த அக்டோபரில் ஸ்டேஷன் வேகன் ஒன்றில் மூட்டை கட்டினார். கூட மகன் மைக்கேல், நண்பர் செட்ரிக் ரைட். கிராண்ட் கேன்யன், கேன்யன் டி ஷே என்று பாலைவனத்துக்குள் நீண்டது பயணம். மழையில் மண் சாலைகள் சேறாகி, வண்டி தடுமாறிய நாட்களும் உண்டு. அன்று யாருக்கும் தெரியாத ஒன்று, இப்படி ஒரு பயணத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த டிசம்பரிலேயே பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அமெரிக்கா போருக்குள் போனதும் டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. சுவர்ப் படத் திட்டமே 1942இல் நின்றது.

ஹெர்னாண்டஸ்: அந்தச் சில நிமிஷம்

நவம்பர் 1 அன்று மூவரும் சாமா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தார்கள். நாள் முழுக்கச் சொதப்பல். எதை எடுத்தாலும் மனதில் இருந்தது வரவில்லை. பேசாமல் சான்டா ஃபே நோக்கித் திரும்பினார்கள்.

வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊர். இடதுபக்கம் திரும்பிப் பார்த்த ஆடம்ஸ் வண்டியைச் சாலையோரம் ஒடித்து நிறுத்தினார். தூரத்தில் பனி மூடிய மலைத்தொடர். அதன் மேல், முழு நிலவுக்கு ஓரிரு நாள் முந்தைய நிலா. கீழே ஒரு தேவாலயம், சில மண் வீடுகள், ஒரு கல்லறைத் தோட்டம். பின்னால் மேற்கில் இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கடைசி வெளிச்சம், கல்லறைகளின் வெள்ளைச் சிலுவைகளில் மட்டும் பட்டு மின்னியது. மேகம் சூரியனை எந்த நொடியும் மூடிவிடலாம்.

கையில் இருந்தது, இப்போது நாம் பாக்கெட்டில் வைத்திருக்கும் கேமரா அல்ல. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடும் மரப்பெட்டி கேமரா. மூன்றுகால் நிறுத்தி, கேமராவை ஏற்றி, லென்ஸை மாட்டி, தலைக்கு மேல் கறுப்புத் துணி போட்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆடம்ஸ் கத்தினார். மைக்கேலும் செட்ரிக்கும் வண்டிக்குள் இருந்து ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுத்தார்கள்.

அவரிடம் இருந்தது ஒரு குக் டிரிப்பிள் கன்வெர்ட்டிபிள் லென்ஸ். இது ஜூம் அல்ல. முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு துண்டுகள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரு குவியத் தூரம், தனித்தனியாகப் போட்டால் வேறு இரண்டு. அதாவது, ஒரு குழலுக்குள் மூன்று பிரைம் லென்ஸ். மாற்ற வேண்டுமானால் திருகிக் கழற்ற வேண்டும். அவசர அவசரமாக 23 அங்குலப் பகுதியைப் பொருத்தினார். இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவில் சுமார் 80 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணத்துக்குச் சமம். எந்தத் துண்டு எவ்வளவு பார்க்கும் என்று நின்று யோசிக்க நேரமில்லை. பல வருடமாகப் பழகின கண்ணாடி என்பதால் யோசிக்க வேண்டியும் வரவில்லை.

காட்சி தயார். ஃபோகஸ் தயார். வெளிச்சத்தை அளக்க மீட்டரைத் தேடினார். காணோம்.

மீட்டர் இல்லாமல் கணக்கு எப்படிப் போட்டார்?

இந்த இடத்தில்தான் பல பேர் ஏதோ ஒரு எண்ணை வைத்து, சாமியை வேண்டிக்கொண்டு அழுத்தியிருப்பார்கள். ஆடம்ஸுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம், ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில். நிலா என்பது சூரிய வெளிச்சத்தில் கிடக்கும் ஒரு பெரிய பாறை. அதன் பிரகாசத்தை நம்பிக் கணக்குப் போடலாம்.

அடுத்தது, அவரும் ஃபிரெட் ஆர்ச்சரும் அதற்குச் சற்று முன்புதான் லாஸ் ஏஞ்சலிஸில் பாடம் நடத்தும்போது உருவாக்கியிருந்த ஸோன் சிஸ்டம். முழுக் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10, நடுச் சாம்பல் நிறத்துக்கு 5 என்று நிறச் செறிவை எண்களாகப் பிரிக்கும் முறை. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரண்டு மடங்கு.

நிலா வெறும் வெள்ளைப் பொட்டாக வெளுத்துவிடக் கூடாது, அதன் மேற்பரப்பு தெரிய வேண்டும். எனவே அதை 7ஆம் படியில் வைத்தார். அப்படியானால் நடுப்படியான 5 அதைவிட நான்கில் ஒரு பங்கு, சுமார் 60. ஃபிலிம் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே எஃப் 8இல் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு. வானத்தைக் கறுக்க வைக்கும் ஆழ்மஞ்சள் ஃபில்டர் வெளிச்சத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும், ஆக 20இல் ஒரு பங்கு. முன்னால் புதர் முதல் பின்னால் மலை வரை கூர்மையாக வேண்டும் என்பதால் துளை எஃப் 32. எஃப் 8இலிருந்து நான்கு படி கீழே, 16 மடங்கு நேரம். பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு நொடி.

நமக்கு இதைப் படிக்கவே ஒரு நிமிஷம் ஆகுது. அவர் சூரியன் மறையறதுக்குள்ள மனசுல போட்டார்.

ஒரு நொடி திறந்து மூடினார். ஃபிலிம் ஹோல்டரில் இருபுறமும் ஒவ்வொரு ஃபிலிம் இருக்கும். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று திருப்பிப் போட்டார். அதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. உலகத்தில் அந்தக் காட்சிக்கு இருப்பது அந்த ஒரே நெகட்டிவ்.

எடுத்தது பாதி, மீதி டார்க்ரூமில்

நிலாவுக்குக் கணக்குப் போட்டாயிற்று. ஆனால் முன்னால் இருந்த இருண்ட நிலத்துக்கு அந்த ஒரு நொடி போதவில்லை. நெகட்டிவின் கீழ்ப்பகுதி வெளிறிப்போய் இருந்தது, பிரிண்ட் போடவே சிரமம். 1948இல் அவர் ஒரு துணிச்சலான வேலை செய்தார். இருக்கும் ஒரே நெகட்டிவின் அந்தப் பகுதியை ரசாயனத்தில் நனைத்துச் செறிவூட்டினார். பிசகியிருந்தால் எல்லாம் போயிருக்கும். பிசகவில்லை.

ஆரம்ப பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேலே மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு, நிலா மட்டும் தனியாக. ஒரே நெகட்டிவ், ஆனால் மனம் மாற மாற படமும் மாறியது. அவரே கைப்படப் போட்ட பிரிண்டுகள் 1,300க்கும் மேல் என்கிறார்கள். 2006இல் நடந்த ஏலத்தில் ஒரு பிரிண்ட் 6,09,600 டாலருக்குப் போனது.

ஆனா, அன்னைக்கு என்ன தேதி?

இவ்வளவு கணக்குப் போட்ட மனிதர் ஒன்றை மட்டும் எழுதி வைக்கவில்லை. தேதி! நாமெல்லாம் எடுக்கும் படத்தில் போனே நாள், நேரம், இடம் எல்லாம் பதிந்துவிடும். ஆடம்ஸோ தேதிகளில் மோசம். அதே படத்துக்கு வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு வருடங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்.

விடை படத்துக்குள்ளேயே இருந்தது. நிலா எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால் நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். டேவிட் எல்மோர் என்ற வானியலாளர் கணினி உதவியோடு 1941 அக்டோபர் 31 மாலை என்று கணக்கிட்டார். ஆடம்ஸும் அதை ஏற்றுக்கொண்டு, 1984 ஏப்ரல் 22 அன்று காலமானார். பிறகு ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழின் டென்னிஸ் டி சிக்கோ, கேமரா நின்ற இடத்தை இன்னும் துல்லியமாக நிர்ணயித்து, 1991இல் திருத்திய விடையை வெளியிட்டார். 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 வினாடி.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று தோணலாம். பில் போட்ட நாட்களின் படங்கள் அரசுக்கு என்ற விதி ஞாபகம் இருக்கா? நவம்பர் 1ஆம் தேதிக்கு அவர் பில் போட்டிருக்கவில்லை. ஆக, படம் அவருடையதுதான். செத்து ஏழு வருடம் கழித்து நிலாவே சாட்சி சொன்ன மாதிரி!

படத்தில் இல்லாதவர்கள்

இந்தக் கதையை முழுக்க வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் நேர்மையாக இருக்காது.

‘மூன்ரைஸ்’ படத்தில் மனிதர்களே தெரியவில்லை. ஒரு மாதப் பயணத்தில் கூடவே இருந்த மகனும் இல்லை, 1927இலும் 1941இலும் பக்கத்தில் நின்ற செட்ரிக்கும் இல்லை. வர்ஜீனியாவும் ஆனும் அந்தப் பயணத்துக்கே வரவில்லை. ஆடம்ஸ் வருடத்தின் பெரும்பகுதியை மலைகளிலும் சாலைகளிலும் கழித்தார். வீடு வர்ஜீனியாவின் தோளில் நின்றது. ஸ்டூடியோவின் வருமானம் இல்லையென்றால், அவர் இவ்வளவு சுதந்திரமாக அலைந்திருக்க முடியுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. அந்த ஸ்டூடியோ இன்றும் ஆன்செல் ஆடம்ஸ் கேலரி என்ற பெயரில், குடும்பத்தின் கையில், யோசெமிட்டியில் இருக்கிறது.

அதே 1941இல் இன்னொரு விஷயமும் நடந்தது. அதிகம் பேருக்குத் தெரியாது. வர்ஜீனியாவும் ஆன்செலும் சேர்ந்து ஒரு குழந்தைகள் புத்தகம் வெளியிட்டார்கள். ‘மைக்கேல் அண்ட் ஆன் இன் யோசெமிட்டி வேலி’. வார்த்தை அம்மாவுடையது, படங்கள் அப்பாவுடையது, கதாபாத்திரங்கள் பிள்ளைகள் இருவரும். ஏலத்தில் லட்சம் டாலர் போகிற படங்கள் அல்ல. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், நிலா படத்தைவிட அந்தப் புத்தகம்தான் அதிகம் சொல்லும்.

உங்க அடுத்த ட்ரிப்புக்கு இதில் என்ன இருக்கு?

ஒன்று, லென்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு 35 அல்லது 50 மி.மீ. பிரைம் மட்டும் எடுத்துப் போங்க. போன்தான் என்றால், ஒரு நாள் முழுக்க 1 எக்ஸ் மட்டும். முதல் இரண்டு மணி நேரம் எரிச்சலாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல், எங்கே நின்றால் எவ்வளவு வரும் என்று கால் தானாகக் கற்றுக்கொள்ளும். ஆடம்ஸ் ஹெர்னாண்டஸில் நின்றபோது அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

இரண்டு, ஓர் எண்ணையாவது மனப்பாடம் செய்து வைங்க. நிலாவை எடுக்க இன்றும் ஓர் எளிய வழி உண்டு. துளை எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 100இல் ஒரு பங்கு நொடி. போனில் என்றால் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்க. வெள்ளைப் பொட்டு மறைந்து நிலா தெரியும்.

மூன்று, கைக்கு எட்டும் இடத்தில் வைங்க. மீட்டரைத் தொலைத்தவர் ஆன்செல் ஆடம்ஸ். டிக்கியில் மூணு பைக்கு அடியில் கேமராவை வைத்தால், நமக்கு நிலா காத்திருக்காது.

கடைசியா, வண்டியை நிறுத்தி எடுத்து முடிச்சதும், அதே லென்ஸை அப்படியே திருப்பி காருக்குள்ள இருக்கறவங்களையும் ஒரு படம் எடுத்துடுங்க. பசியோட காத்திருந்த முகம், பையைத் தூக்கிக் கொடுத்த கை, பின் சீட்டில் தூங்கிப்போன குழந்தை. ஹெர்னாண்டஸில் அன்று அந்த எட்டு வயதுப் பையன் அவசர அவசரமாக எதை எடுத்து அப்பாவிடம் நீட்டினான் என்று பார்க்க, நமக்கு ஒரு படமும் இல்லை.